ஒலிபெருக்கிக்கு அருள் வராது

எனக்கு ஒரு மனிதர் மேல் தீராத ஆத்திரம். முப்பத்தைந்து வருடத்து ஆத்திரம். கல்யாணம் கட்டினேன், பிள்ளை பெற்றேன், கணவரைப் பறிகொடுத்தேன், சர்க்கரை வியாதி வந்தது, பல் நான்கு போனது. அந்த ஆத்திரம் மட்டும் ஒரு சேதாரமும் இல்லாமல் அப்படியே இருக்கிறது. அந்த மனிதர் இன்று கூலாய் பக்கத்தில் நாங்கள் இருக்கும் தாமான் குடியிருப்பின் அம்மன் கோயிலுக்குத் தலைவர். பெயர் போட மாட்டேன். பயந்துகொண்டு அல்ல. அச்சில் ஏறினால் பெயருக்கு ஒரு மரியாதை வந்துவிடும். அதைக்கூட அவருக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. செடெனாக் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் இருந்தோம். திருவிழா மேளக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், உறுமியைக் கோயில் தூணில் சாய்த்து வைத்துவிட்டு. உறுமி என்றால் இடுப்பு சிறுத்த மேளம். ஒரு பக்கத் தோலைக் குச்சியால் அடிப்பார்கள், மறுபக்கத் தோலை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். தேய்க்கும்போது அடிவயிற்றிலிருந்து ஓர் உறுமல் கிளம்பும் பாருங்கள், அது எனக்கு வேண்டியிருந்தது. வேறு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. குச்சியை எடுத்து இரண்டு தேய் தேய்த்தேன். இரண்டே இரண்டு.

மூன்றாவது தேய்க்குமுன் கன்னத்தில் அறை விழுந்தது. அடித்தவர் மண்டோரின் மகன். அவர் அப்பாதான் எங்கள் ஆட்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி என்பதால் மகனும் கை நீட்டுவார். "பொட்டப்புள்ள தொடுற சாமானாடி இது?" என்று கத்தினார். அறையோடு விட்டாரா? என் அம்மாவைக் கூப்பிட்டு, மஞ்சள் தண்ணீர் கரைக்கச் சொல்லி, உறுமியைத் துடைக்க வைத்தார். நான் நின்ற இடத்தையும் கழுவ வைத்தார். என் அம்மா கழுவினார். எஸ்டேட்டே பார்த்தது. என் காதில் சாயங்காலம் வரை வண்டு பறந்தது. ஆனால் அறைகூடப் பரவாயில்லை. நான் நின்ற தரையை என் அம்மா குனிந்து கழுவியதுதான் இன்றைக்கும் வயிற்றில் எரிகிறது.

அந்த எஸ்டேட் இப்போது இல்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகள் இருந்த பக்கமெல்லாம் பெரிய பெரிய கட்டடங்கள், உள்ளே கம்ப்யூட்டர்கள், நாள் முழுக்க ஏர்கான். நாங்கள் தகரக் கூரையில் வெந்த இடத்தில் மிஷின்கள் குளுகுளுவென்று குடியிருக்கின்றன. இருக்கட்டும். எனக்கு அந்த லயத்தின் மேல் எந்த ஏக்கமும் கிடையாது. போனது நல்லதுதான். வருத்தம் ஒன்றே ஒன்று: லயத்தைக் காலி செய்த லோரியிலேயே மண்டோரின் மகனும் எங்களோடு தாமானுக்கு வந்து சேர்ந்ததுதான். வந்தவர் சும்மா இருந்தாரா? கோயில் கட்டினார், தலைவர் ஆனார், மைக் பிடித்தார். மைக் கையில் கிடைத்தால் போதும், "நம் கலை, நம் பண்பாடு, நம் எதிர்காலச் சந்ததி" என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லாமல் இறங்க மாட்டார்.

எதிர்காலச் சந்ததி என் வீட்டில்தான் இருந்தது. என் மகள்.

சிங்கப்பூரில் ஓர் எலக்ட்ரானிக் பேக்டரியில் வேலை. மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடந்து போய் வருகிறாள். பாலத்தில் எந்நேரமும் ஜாம். நகர்ந்து நகர்ந்து நிற்கும்போது பெட்ரோல் டேங்க் மேல் விரலால் தாளம் தட்டுவாளாம். "பக்கத்துல நிக்கிற மலாய்க்காரப் பையன்லாம் திரும்பிப் பாப்பான் மா," என்று சிரிப்பாள். போனில் பார்த்துப் பார்த்துத் தானாகவே உறுமி கற்றுக்கொண்டாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் சொல்லிக் கொடுக்க எனக்கு என்ன தெரியும், இரண்டு தேய்ப்புதானே தெரியும். பிறகு கூட வேலை செய்கிறவள், சர்ச்சில் டிரம்ஸ் அடிக்கிற ஒருத்தி, பண்டார் தெங்காராவிலிருந்து அக்கா தங்கச்சி இரண்டு பேர், இன்னும் இரண்டு பேர் என்று அவளோடு ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். கறுப்பு டீசட்டை, மஞ்சள் எழுத்து. ஞாயிற்றுக்கிழமைதோறும் லோரிகள் நிறுத்தும் காலியிடத்தில் பழகுவார்கள். வேன் ஓட்டுவதும் சோறு கட்டுவதும் நான். மேளத்துக்கு நடுவில் கத்திப் பாட வரி எழுதிக் கொடுத்ததும் நான்தான்.

என் வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் அம்மன் பாட்டுதான், பார்வைக்கு. ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் அம்மன் ஒருவனைக் காலில் போட்டு மிதிப்பாள். மிதிபடுகிறவனுக்கு வழுக்கை, முன் பல்லில் தங்கம். ஊரில் அப்படி ஒரே ஒருத்தர்தான். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே பாடுவார்கள். நான் வேனில் சாய்ந்து நின்று கண்ணை மூடிக் கேட்பேன். சொர்க்கம்.

மூன்று வருடம் கோயில் திருவிழாவுக்கு அனுமதி கேட்டார்கள். மூன்று வருடமும் இல்லை என்றார் தலைவர். கல்யாண வீட்டில் அடித்தார்கள், கடை திறப்பில் அடித்தார்கள், சீனர் கோயில் விழாவில்கூட அடித்தார்கள். சொந்தக் கோயிலில் மட்டும் இல்லை. மகள் சலித்துப் போனாள். "இந்த வருஷமும் முடியாதுன்னா உறுமிய வித்துடறேன் மா. சொந்த ஊரு வேணாம்னு சொல்ற சாமான யாருக்காக தூக்கிக்கிட்டு அலையணும்?" என்றாள். சும்மா சொல்கிறவள் இல்லை அவள். விற்றுவிடுவாள்.

அந்த வருடம் எங்களுக்கு ஒரு பிடி கிடைத்தது. எதிர்வீட்டுக்காரர், லோரி டிரைவர், காவடி எடுப்பதாக நேர்ந்துகொண்டார். அவர் மனைவிக்கு இதய ஆபரேஷன், பிழைத்தால் காவடி என்று வேண்டுதல். பிழைத்தார். காவடி எடுக்கிறவர் தனக்கு வேண்டிய மேளத்தைத் தானே கூட்டி வருவது எங்கள் பக்கத்து வழக்கம். அவர் எங்கள் பெண்களைக் கூப்பிட்டார். நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் சாயங்காலம் சாயங்காலம் வந்து அவர்கள் அடிப்பதைக் கேட்டு உட்கார்ந்திருப்பார்.

தலைவருக்குச் செய்தி போனது. கூட்டம் போட்டார். பொம்பளைப் பிள்ளைகள் என்று நேராகச் சொன்னால் இந்தக் காலத்தில் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். அதற்கு முந்தின வருடம் பையன்களின் இரண்டு மேளக் குழுக்கள் கைகலந்ததைச் சாக்காகப் பிடித்துக்கொண்டார்.

"இந்த வருஷம் எந்த மேளமும் கிடையாது. லோரியில ஸ்பீக்கர் வெப்போம். பாட்டு என் போன்ல இருக்கு. மேளம், உறுமி எல்லாம் அதுலயே வரும், சுத்தமா இருக்கும்," என்றார்.

நான் எழுந்தேன். "அண்ணே, காவடிக்கு அருள் வர வேணாமா?" இத்தனை வெறுப்பிலும் அண்ணே என்றுதான் வாயில் வந்தது. எங்கள் ஊரில் வேறு எப்படிக் கூப்பிடுவது?

"அருள் அம்மன் கொடுக்கறது தங்கச்சி. உன் மகளா கொடுக்கறா?" என்றார். கமிட்டி சிரித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தங்கச்சியாம்.

திருவிழா அன்று மகளையும் மற்ற பெண்களையும் டீசட்டையோடு வேனில் ஏற்றி, மேளங்களைப் பின்னால் அடுக்கி, காவடி புறப்படும் ஆற்றோரத்துக்கு ஓட்டிப் போனேன். "அனுமதி இல்லாம எதுக்கு மா?" என்றாள் மகள். "சாமி கும்பிடப் போறோம். சாமி கும்பிட எவன்கிட்டடி அனுமதி கேக்கணும்?" என்றேன். என் உள்மனதுக்கு ஒன்று தெரிந்திருந்தது. இத்தனை வருடமாகத் திருவிழா பார்க்கிறேன். ஒலிபெருக்கிக்கு அருள் வராது.

ஆறு பெட்டி ஒலிபெருக்கி கட்டின லோரி வந்து நின்றது. தலைவர் பட்டு வேட்டி, தோளில் துண்டு, கையில் போன். பாட்டுப் போட்டார். ஆற்றங்கரை அதிர்ந்தது. எதிர்வீட்டுக்காரர் ஈர வேட்டியோடு கண்ணை மூடி நின்றார். அலகு குத்துகிறவர் ஊசித் தட்டோடு பக்கத்தில் நின்றார். அருள் வராமல் அலகு குத்தினால் வலி தாங்காது, இரத்தம் வரும் என்று அவருக்கு ஒரு கட்டுப்பாடு. வந்த பிறகுதான் ஊசியைத் தொடுவார்.

பாட்டு ஏறியது. எதிர்வீட்டுக்காரர் தோள் லேசாகத் துடித்தது. எங்கள் ஆட்கள் "வேல் வேல்" என்று கூவ ஆரம்பித்தார்கள். சரியாக அந்த நொடியில் பாட்டு நின்றது. ஆறு பெட்டியிலிருந்தும் ஒரு மலாய்ப் பெண் கொஞ்சும் குரலில் சலவைத்தூள் விற்க ஆரம்பித்தாள்.

எதிர்வீட்டுக்காரர் கண்ணைத் திறந்தார். துடித்த தோள் அடங்கிப் போனது.

தலைவர் போனைக் குத்து குத்தென்று குத்தினார். மறுபடி முதலிலிருந்து பாட்டு. மறுபடி ஏறியது. மறுபடி ஒரு விளம்பரம், இந்தத் தடவை முடி கொட்டுவதற்கு எண்ணெய். வழுக்கைத் தலையோடு அவர் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற கோலம் இருக்கிறதே, அதைப் பார்க்கத்தான் நான் பிறந்தேனோ என்று தோன்றியது. காசு கட்டாத கணக்கில் பாட்டுப் போட்டால் நடுவில் விளம்பரம் வரும் என்பது எங்கள் தாமானில் ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். கலை, பண்பாடு, எதிர்காலச் சந்ததி பேசுகிறவருக்குத் தெரியவில்லை.

மூன்றாவது தடவை பாட்டு நடுவில் போன் வந்தது. பதற்றத்தில் பச்சையை அழுத்திவிட்டார். அவர் மனைவியின் குரல் ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது.

"ஏங்க, காவடி எங்க? இங்க எல்லாரும் கேக்கறாங்க, அன்னதானச் சோறு ஆறிப் போவுது! அந்தப் பொம்பளப் புள்ளைங்களையே அடிக்கச் சொல்லித் தொலைங்களேன். உங்க வீம்புக்கு அம்மனயும் காக்க வெப்பீங்களா?"

"அலாமாக், ஐயோ அம்மா!" என்றான் லோரிக்காரன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் சிரிக்கவில்லை. வேன் கதவைப் பூட்டி, சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டேன். பெண்கள் உள்ளே இருந்தார்கள். வரட்டும். நடந்து என்னிடம் வரட்டும்.

வந்தார். வேர்த்து விறுவிறுத்து வந்தார். "தங்கச்சி, புள்ளைங்கள எறங்கச் சொல்லும்மா. நேரமாவுது."

"எதுக்குண்ணே? ஸ்பீக்கர் நல்லாத்தானே பாடுது. சோப்புக்கூட விக்குது."

"வெளையாடாத மா. கேக்கறேன்ல."

"என்கிட்ட கேட்டா? லோரி மேல ஏறி மைக்ல கேளுங்க. ஏழு பேரு பேரையும் சொல்லி வாங்கன்னு கூப்பிடுங்க. அப்புறம் உங்க கையாலயே உறுமிய எடுத்து என் மக தோள்ல மாட்டி விடுங்க. மாட்டிட்டு, பொட்டப்புள்ள தொட்டா தீட்டு இல்லன்னு சொல்லுங்க. அப்பதான் இந்தக் கதவு தெறக்கும்."

இதைச் சொல்ல நான் ஒத்திகை பார்த்ததில்லை. முப்பத்தைந்து வருடம் வாய்க்குள்ளேயே கிடந்த வார்த்தைகள், தானாக வரிசை கட்டி வந்தன. தலைவர், "மைக்ல எல்லாம் எப்படிம்மா..." என்று இழுத்தார். "இழுக்காதீங்க. ஏறுங்க," என்றேன். கமிட்டிக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். அவர் லோரியைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கி லோரிப் படியில் வைத்தார். ஐயோ, அந்தக் கால் படியில் ஏறியதை நான் எப்படி ரசித்தேன் தெரியுமா!

அப்போது எனக்குப் பின்னால் உறுமி உறுமியது.

திரும்பினேன். வேனின் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளேயிருந்து திறந்துகொண்டு ஏழு பேரும் இறங்கியிருந்தார்கள். என் மகள் தோளில் உறுமியைத் தானே மாட்டிக்கொண்டு, என்னையும் பார்க்காமல், தலைவரையும் பார்க்காமல், எதிர்வீட்டுக்காரரை நோக்கி நடந்தாள். அவர் கொதிக்கிற மண்ணில் வெறுங்காலோடு, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், கண் சொருகித் தள்ளாடிக்கொண்டிருந்தார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அவள் அவர் முகத்துக்கு நேரே நின்று தேய்த்தாள். நீளமாக, விடாமல். ஆறு மேளமும் சேர்ந்துகொண்டன. நான் பதினொரு வயதில் தேடின அந்த உறுமல் அவள் கையிலிருந்து வந்தது. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. ஆனால் அதே நேரம் நெஞ்சுக்குள் ஒரு பிள்ளை காலை உதைத்துக்கொண்டு கத்தியது: இருடி! அவர் இன்னும் சொல்லவில்லையடி!

எதிர்வீட்டுக்காரருக்கு அருள் வந்தது. வந்தது என்றால் சும்மா வரவில்லை, இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அலகு ஏறியது. காவடி ஏறியது. கூட்டம் பெண்கள் பின்னால் புறப்பட்டது. தலைவர் படியிலிருந்து காலை இறக்கிவிட்டு, துண்டைச் சரிசெய்துகொண்டு, தானே ஏற்பாடு செய்ததுபோல ஊர்வலத்தின் முன்னால் போய் நடந்தார்.

என் பழியை என் மகளே கெடுத்தாள்.

சும்மா விட மனம் வரவில்லை. அன்னதானப் பந்தலில் அவர் சாப்பிட்டுக் கை கழுவும்போது பிடித்தேன். எஸ்டேட்டில் என்னை அறைந்ததை, மஞ்சள் தண்ணீரை, என் அம்மா தரை கழுவியதை ஒன்றுவிடாமல் சொன்னேன். "அது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. போதும்."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "நானா? உன்னையா? எப்பம்மா? எனக்கு ஒண்ணும் நெனவில்லயே." நடிக்கிறாரா என்று முகத்தைத் துழாவினேன். நடிக்கவில்லை. அந்த ஆளுக்கு உண்மையிலேயே ஞாபகம் இல்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் பாய்ந்தேன். இன்னும் ஒரே நிமிடம் பொறுத்திருந்தால் மைக்கில் சொல்லியிருப்பார் என்று கத்தினேன். அவள் உறுமித் தோலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எதிர்வீட்டு அங்கிள் விழப் போனாரு மா. நீங்க பாக்கல. நீங்க தலைவர மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தீங்க." துணியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "என்னய உறுமி கத்துக்க விட்டது எனக்காகவா, அவருக்காகவா?"

உனக்காகத்தான் என்று சொல்லியிருக்கலாம். பொய் வரவில்லை.

இந்த வருடத் திருவிழா நோட்டீசில் பெண்கள் குழுவின் பெயர் அச்சாகி இருந்தது. ஏழு பேர் இப்போது பன்னிரண்டு பேர். யாரும் போய்க் கெஞ்சவில்லை. போன வருடக் காவடியைப் பார்த்துவிட்டு நான்கு காவடிக்காரர்கள் இவர்கள்தான் வேண்டும் என்று நின்றார்கள், கமிட்டி வாயைத் திறக்கவில்லை. மகள் என்னிடம், "இந்தத் தடவ நீங்க வேன் ஓட்ட வேணாம் மா. எல்லாரையும்போல ரோட்டோரமா நின்னு பாருங்க," என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். பாட்டுக்கு வரி கேட்டும் வரவில்லை. நான் ஒரு நோட்டுப் புத்தகம் நிறைய எழுதி வைத்திருந்தேன்.

ரோட்டோரத் தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். பக்கத்தில் யார் என்று நினைக்கிறீர்கள்? அவரேதான், மோர்ப் பாத்திரத்தோடு. எனக்கு ஒரு கப் நீட்டினார். நாக்கு வறண்டிருந்தது. வாங்கவில்லை.

பெண்கள் வந்தார்கள். புதுத் தாளம். ஓடும், சட்டென்று நிற்கும், கொஞ்சம் நகரும், மறுபடி நிற்கும், பிறகு பிய்த்துக்கொண்டு பறக்கும். பாலத்து ஜாம்! பெட்ரோல் டேங்கில் தட்டினாளே, அதே தாளம். ரோட்டோரத்தில் நின்ற பெண்பிள்ளைகள் எல்லாம் காலைத் தட்டினார்கள். வரிகளை அவர்களே எழுதியிருந்தார்கள்.

"பாலத்துல பாதி வழி, பச்ச லைட்டு இல்ல தாயி,
ஷிப்டு முடிஞ்சு ஓடியாறோம், வாசக் கதவத் தெற தாயி!"

ஓவர்டைம் வந்தது. மழையில் நனைகிற ஹெல்மெட் வந்தது. எதிர்வீட்டு அக்கா பிழைத்துப் பால்குடம் எடுத்தது வந்தது. தலைவர் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு, "நல்லாத்தான் அடிக்கிறாங்க லா," என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவரை மிதிக்கிற வரி எப்போது வரும், முழு வரி வேண்டாம், வழுக்கைக்கு அரை வரியாவது, தங்கப் பல்லுக்கு ஒரு சொல்லாவது வரும் என்று கடைசி வரைக்கும் கேட்டேன். அவரைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. என்னைப் பற்றியும் இல்லை.